ரூட் டொமைனில் ஏலியாஸ் ரெக்கார்டு: வேலை செய்யும் விதம், அமைக்கும் முறை, சறுக்கும் இடங்கள்

சைட்டை உலகின் பல இடங்களிலுள்ள சர்வர்களிலிருந்து வழங்கும் சிடிஎன் அல்லது ஹோஸ்டிங் நிறுவனம் ஐபி முகவரி தராமல் நீளமான ஒரு பெயரைத் தந்து, "இதற்கு ஒரு சிநேம் போட்டுவிடுங்கள்" என்று சொல்லும். டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டுதான் சிநேம். மூன்று டபிள்யூ முன்னால் வரும் பெயருக்குப் போட்டால் உடனே வேலை செய்யும். முன்னொட்டு எதுவும் இல்லாத ரூட் டொமைனுக்குப் போடப் போனால் டிஎன்எஸ் பேனல் மறுத்துவிடும். சில பேனல்கள் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அது இன்னும் மோசம், ஏன் என்று கீழே வருகிறது. ஏலியாஸ், ஏநேம், சிநேம் ஃபிளாட்டனிங் என்று ஆளுக்கொரு பெயரில் டிஎன்எஸ் நிறுவனங்கள் தருவதெல்லாம் இந்தச் சிக்கலுக்கான மருந்துதான்.

ஆனால் டிஎன்எஸ் தரத்தில் ஏலியாஸ் என்ற ரெக்கார்டு வகையே கிடையாது. அது உங்கள் டிஎன்எஸ் நிறுவனம் தன் சர்வருக்குள் செய்து தரும் ஒரு வேலை. அதனால்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் நடத்தை மாறுகிறது, இடம் மாறும்போது தொலைந்துபோகிறது, சில அமைப்புகளோடு ஒத்துப்போக மறுக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு உதாரணம்.பரிட்சை என்ற டொமைனை வைத்துக்கொள்வோம். (2007-இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் டொமைன் பெயர்களைச் சோதித்துப் பார்க்க, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு உருவாக்கிய பெயர் இது, சோதனை முடிந்து எடுத்துவிட்டார்கள், யாருடைய சைட்டையும் தொந்தரவு செய்யாது.) சிடிஎன் தந்த பெயர் முனை7.சிடிஎன்.பரிட்சை என்று இருக்கட்டும்.

சிநேம் ஏன் ரூட்டில் உட்காராது

1987 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1034 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது இது: ஒரு பெயரில் சிநேம் இருந்தால் அந்தப் பெயரில் வேறு எந்தத் தகவலும் இருக்கக் கூடாது. 1997-இன் ஆர்எஃப்சி 2181 இதையே இன்னும் அழுத்திச் சொன்னது. டிஎன்எஸ் பதில்கள் போலியில்லை என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையெழுத்து தொடர்பான ரெக்கார்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரூட் டொமைனிலோ எஸ்ஓஏ (டொமைனின் நிர்வாகத் தகவல்), என்எஸ் (டொமைனுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வர்களின் பெயர்கள்) ஆகிய இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லாமல் ஸோனே, அதாவது டொமைனின் ரெக்கார்டுத் தொகுப்பே, இல்லை. ஆகவே அங்கே சிநேமுக்கு இடமில்லை. பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில் இப்படி எழுதினால், சிநேமோடு வேறு தகவலும் இருக்கிறது என்று பிழை காட்டி ஸோனை ஏற்றவே மறுக்கும்.

பேனல் ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் ஆகாது. சைட் திறக்கும். பிறகு, கேட்பவர்களுக்காகப் பெயரைத் தேடித் தரும் சர்வரான ரிசால்வர் எங்கோ ஒன்றின் கேஷில் (தற்காலிக நினைவில்) அந்த சிநேம் போய் உட்காரும். அடுத்து ஒரு மெயில் சர்வர் அதே ரிசால்வரிடம் உங்கள் எம்எக்ஸ் (மெயில் சர்வரைக் காட்டும் ரெக்கார்டு) என்ன என்று கேட்கும். ரிசால்வர் கேஷில் இருக்கும் சிநேமைப் பிடித்துக்கொண்டு சிடிஎன் பெயருக்குப் போய் அங்கே எம்எக்ஸ் தேடும். அங்கே இருக்காது. எம்எக்ஸ் இல்லையென்றால், ஐபி முகவரியைத் தரும் ஏ ரெக்கார்டுக்கே மெயிலை அனுப்பலாம் என்பது விதி என்பதால், மெயில் சிடிஎன்னின் 25-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டு நிற்கும். வேறொரு ரிசால்வரின் கேஷில் எம்எக்ஸ் முதலில் ஏறியிருந்தால் அந்த வழியாக வரும் மெயில் ஒழுங்காக வரும். சிலருடைய மெயில் வருகிறது, சிலருடையது வரவில்லை என்ற நிலைமை. டிஎன்எஸ் கோளாறுகளில் கண்டுபிடிக்க இவ்வளவு சள்ளை பிடித்தது குறைவு.

ஏலியாஸ் உள்ளே நடப்பது

உங்கள் ஸோனில் "ரூட்டுக்கு ஏலியாஸ், இலக்கு முனை7.சிடிஎன்.பரிட்சை" என்று எழுதுகிறீர்கள். வெளியிலிருந்து ஒரு ரிசால்வர் ரூட்டின் ஏ ரெக்கார்டைக் கேட்கிறது. உங்கள் நேம்சர்வர் தானே ஒரு ரிசால்வர் போல நடந்து, இலக்குப் பெயரின் ஐபி முகவரிகளைத் தேடி எடுக்கிறது. அவற்றை ரூட்டின் சொந்த ஏ ரெக்கார்டுகள் போலவே பதிலில் வைத்து அனுப்புகிறது. ஐபிவி6 முகவரிக்கான நான்கு-ஏ ரெக்கார்டுக்கும் இதே கதை. கேட்டவருக்கு ஏலியாஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (உரைத் தகவல்), சிஏஏ (எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்பது), என்எஸ் கேள்விகளுக்கு ஏலியாஸ் குறுக்கே வராது. ஸோனில் நீங்கள் எழுதியதே பதிலாகப் போகும்.

இலக்கைத் தேடுவதில் மூன்று விதம் உண்டு. கேள்வி வரும்போது தேடிக் கேஷில் வைத்துக்கொள்வது ஒன்று. குறிப்பிட்ட இடைவெளியில் பின்னணியில் தேடி ஸோனைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. இலக்கும் டிஎன்எஸ்ஸும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் தேடவே வேண்டாம், முகவரி உள்ளேயே தெரியும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் ரூட் 53 என்ற டிஎன்எஸ் சேவை இந்த மூன்றாவது வகை (அந்தப் பெயரிலுள்ள ரூட்டுக்கும் ரூட் டொமைனுக்கும் தொடர்பில்லை).

பதிலை எத்தனை விநாடி கேஷில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதிய எண், இலக்கின் டிடிஎல் இரண்டில் சிறியது எடுபடுவதே சரியான நடத்தை. ஏலியாஸுக்கு 3600 என்று எழுதி இலக்கின் டிடிஎல் 60 என்றால், வெளியே 60 அல்லது அதற்கும் குறைவாகத் தெரிய வேண்டும். 3600 தெரிந்தால் உங்கள் நிறுவனம் இலக்கின் டிடிஎல்லை மதிக்கவில்லை. சிடிஎன் முகவரியை மாற்றினால் ஒரு மணி நேரம் வரை பழைய இடத்துக்கே ஆட்கள் போவார்கள்.

யாரிடம் என்ன கிடைக்கும்

ரூட் 53-இல் ஏலியாஸ் என்பது தனி வகை இல்லை; ஏ அல்லது நான்கு-ஏ ரெக்கார்டை உருவாக்கும்போது தட்டிவிடும் ஒரு சுவிட்ச். இலக்கு கிளவுட்ஃபிரன்ட் (ஏடபிள்யூஎஸ்ஸின் சிடிஎன்), லோட் பேலன்சர், எஸ்3 வெப்சைட் போன்ற ஏடபிள்யூஎஸ் பொருளாகவோ அதே ஸோனிலுள்ள இன்னொரு ரெக்கார்டாகவோ இருக்க வேண்டும். வெளி நிறுவனத்தின் பெயரைக் கொடுக்க முடியாது. மூன்று-டபிள்யூ பெயரில் வெளியே போகும் ஒரு சிநேம் போட்டு, ரூட்டின் ஏலியாஸை அந்த சிநேம் மீது வைத்துவிடலாம் என்று குறுக்கு வழி தேடுபவர்கள் உண்டு. அதுவும் நடக்காது, இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் பொருள்களுக்கான ஏலியாஸ் கேள்விகளுக்குக் கட்டணம் இல்லை. எஸ்3 வெப்சைட்டுக்கு ஏலியாஸ் போடுவதானால் பக்கெட்டின் (எஸ்3-இல் கோப்புகள் இருக்கும் இடம்) பெயர் டொமைன் பெயராகவே இருக்க வேண்டும்.

கிளவுட்ஃப்ளேரில் ரூட்டில் நேராக சிநேம் என்றே எழுதலாம். அவர்கள் அதைத் தட்டையாக்கி ஏ ரெக்கார்டாக வெளியே காட்டுவார்கள். டிஎன்சிம்பிளில் ஏலியாஸ் என்றும், டிஎன்எஸ் மேட் ஈஸியில் ஏநேம் என்றும் பெயர். இந்த மூன்றிலும் இலக்கு எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் அஸூரில் அஸூர் பொருள்களுக்கு மட்டும்.

ஏலியாஸே வேண்டியிராத சந்தர்ப்பமும் உண்டு. ஹோஸ்டிங் நிறுவனம் மாறாத ஐபி முகவரி தருகிறதென்றால் சாதாரண ஏ ரெக்கார்டே போதும். கிட்ஹப் பேஜஸ் 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை நான்கு முகவரிகளைத் தருகிறது. நான்கையும் எழுதிவிட்டால் முடிந்தது. பல இடங்களிலுள்ள சர்வர்களுக்குப் பொதுவான எனிகாஸ்ட் முகவரியோடு சாதாரண ஏ ரெக்கார்டு கிடைக்குமானால் அதையே எடுங்கள். கெட்டுப்போக அதில் பாகங்கள் குறைவு.

முதல் படி: ரூட்டின் ஏ ரெக்கார்டை நம்பியிருப்பவை எவை

பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. ரூட்டின் ஏ ரெக்கார்டை மாற்றும்போது சைட் மட்டும் நகர்வதில்லை, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லாமே நகர்கின்றன. ஸோன் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வரி வரியாகப் படியுங்கள்.

எம்எக்ஸ் எங்கே போகிறது? சிபேனல் வைத்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் வழக்கமாக எம்எக்ஸ் ரூட் டொமைனையே காட்டும்; மெயில் என்ற பெயரும் ரூட்டுக்கு சிநேமாக இருக்கும். இந்த நிலையில் ரூட்டை சிடிஎன்னுக்கு ஏலியாஸ் செய்தால் அந்த நிமிடமே மெயில் நின்றுவிடும். முதலில் மெயில் சர்வரின் ஐபிக்குத் தனிப் பெயரில் ஏ ரெக்கார்டு எழுதி, எம்எக்ஸை அந்தப் பெயருக்கு மாற்றுங்கள். எம்எக்ஸ் காட்டும் பெயர் சிநேமாக இருக்கக் கூடாது.

உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் தனியாக ஏ என்ற சொல் இருக்கிறதா? இந்த டொமைனின் ஏ ரெக்கார்டில் உள்ள முகவரி மெயில் அனுப்பலாம் என்று அதற்கு அர்த்தம். ஏலியாஸுக்குப் பிறகு அந்த அனுமதி சிடிஎன்னின் முகவரிகளுக்குப் போய்விடும். உங்கள் மெயில் சர்வர் அனுமதி இழந்து, அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மெயில் சர்வரின் ஐபியை வெளிப்படையாக எழுதுங்கள்.

எஃப்டிபி, எஸ்எஸ்எச், ஹோஸ்டிங் பேனல் லாகின் எல்லாவற்றுக்கும் ரூட் பெயரையே அடித்துப் பழகியவர்கள் இருப்பார்கள். சர்வருக்கென்று தனிப் பெயர் வைத்து அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டொமைனில் மெயிலே இல்லை, எம்எக்ஸும் இல்லை என்றால் மெயில் சர்வர்கள் ஏ ரெக்கார்டுக்கே அனுப்பப் பார்க்கும். ஆர்எஃப்சி 7505 சொல்லும் வெற்று எம்எக்ஸை, அதாவது முன்னுரிமை 0, இலக்கு ஒற்றைப் புள்ளி, எழுதிவிடுங்கள். அனுப்பியவருக்கு உடனே திரும்பிவிடும். வரிசையில் நாள்கணக்கில் தொங்காது.

இரண்டாம் படி: இலக்கு தயாரா

ஏலியாஸ் முகவரியை மட்டும்தான் தருகிறது. வந்து சேர்பவர் கேட்கும் பெயர் உதாரணம்.பரிட்சை என்றே இருக்கும். அந்தப் பெயரை சிடிஎன் அறிந்திருக்க வேண்டும், அதற்கான டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்புக்கான) சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். சிடிஎன் அமைப்பில் ரூட், மூன்று-டபிள்யூ இரண்டையும் சேருங்கள். சான்றிதழிலும் இரண்டும் இருக்கட்டும். கிளவுட்ஃபிரன்ட் என்றால் ஏடபிள்யூஎஸ் சான்றிதழை வடக்கு வர்ஜீனியா பகுதியில்தான் எடுக்க வேண்டும். வேறு பகுதியில் எடுத்தது பட்டியலிலேயே வராது. சான்றிதழுக்கான உரிமைச் சோதனையை டிஎக்ஸ்டி அல்லது துணைப்பெயரில் சிநேம் வழியாகச் செய்தால், சைட் நகரும் முன்பே சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

சிஏஏ ரெக்கார்டையும் பாருங்கள். சாதாரண சிநேமில், சான்றிதழ் நிறுவனம் இலக்குப் பெயரின் சிஏஏ வரை பின்தொடர்ந்து போகும். ஏலியாஸில் பின்தொடர எதுவும் வெளியே தெரியாததால் உங்கள் ரூட்டில் இருக்கும் சிஏஏதான் சட்டம். அதில் சிடிஎன் பயன்படுத்தும் சான்றிதழ் நிறுவனம் இல்லையென்றால், மூன்று-டபிள்யூவுக்குச் சான்றிதழ் கிடைத்து ரூட்டுக்கு மட்டும் கிடைக்காமல் போகலாம்.

டிஎன்எஸ்ஸைத் தொடும் முன் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கட்டளை வரியில் சைட்டைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கருவியின் ரிசால்வ் விருப்பத்தில் ரூட் பெயர், 443 போர்ட், சிடிஎன்னின் ஐபி மூன்றையும் கொடுத்தால் உங்கள் கணினியில் மட்டும் அந்தப் பெயர் சிடிஎன்னுக்குப் போகும். சான்றிதழ்ப் பிழையோ 403, 404 பதிலோ வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மூன்றாம் படி: டிடிஎல்லைக் குறைத்துக் காத்திருங்கள்

பழைய ஏ ரெக்கார்டின் டிடிஎல் 86400 என்றால் அதை 300 ஆக்கி, முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். குறைத்த உடனே மாற்றினால் குறைத்ததில் பயனில்லை. பழைய எண்ணோடு கேஷில் ஏறியவை அந்த எண் தீரும்வரை இருக்கத்தான் செய்யும்.

நான்காம் படி: மாற்றம்

ரூட்டிலுள்ள பழைய ஏ, நான்கு-ஏ இரண்டையும் எடுத்துவிட்டு ஏலியாஸை வைக்க வேண்டும். நான்கு-ஏவை மறந்துவிடுவது சகஜம். மறந்தால் ஐபிவி6 உள்ள மொபைல் இணைப்புகளில் பழைய சர்வரும் மற்றவர்களுக்குப் புதியதும் தெரியும்.

அழிப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். அந்தச் சில விநாடிகளில் கேட்ட ரிசால்வருக்கு "முகவரி இல்லை" என்ற பதில் போகும். அந்த இல்லை என்ற பதிலும் கேஷில் ஏறும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏவின் கடைசி எண் முடிவு செய்கிறது. அது 3600 என்றால் ஒரு மணி நேரம் வரை. ரூட் 53-இல் அழித்தலையும் சேர்த்தலையும் ஒரே கோரிக்கையில் அனுப்பலாம், இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும் என்ற பேனலில், எஸ்ஓஏவின் அந்த எண்ணை முன்பே 60 ஆக்க முடியுமா என்று பாருங்கள்.

பெயர்ப் பெட்டியில் அட் குறி, அல்லது வெற்றாக விடுவது, பேனலைப் பொறுத்தது. கடைசியில் ஸோன் இப்படி இருக்க வேண்டும்:

உதாரணம்.பரிட்சை. 300 ஏலியாஸ் முனை7.சிடிஎன்.பரிட்சை.
உதாரணம்.பரிட்சை. 3600 எம்எக்ஸ் 10 அஞ்சல்.உதாரணம்.பரிட்சை.
அஞ்சல்.உதாரணம்.பரிட்சை. 3600 ஏ 192.0.2.25
டபிள்யூடபிள்யூடபிள்யூ.உதாரணம்.பரிட்சை. 300 சிநேம் முனை7.சிடிஎன்.பரிட்சை.

இலக்கின் கடைசிப் புள்ளியைக் கவனியுங்கள். கோப்பாக எழுதும் ஸோனில் அது இல்லையென்றால் முனை7.சிடிஎன்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை என்று ஒட்டிக்கொள்ளும். மூன்று-டபிள்யூவின் சிநேமை ரூட்டுக்குக் காட்டாமல் நேரே சிடிஎன்னுக்குக் காட்டியிருப்பதும் காரணத்தோடுதான். கீழே தூரத்துச் சர்வர் பற்றிய பகுதியில் புரியும். ரூட்டின் ஏலியாஸ் மூன்று-டபிள்யூவையும், மூன்று-டபிள்யூவின் சிநேம் ரூட்டையும் காட்டினால் சுழல், பதில் சர்வ்ஃபெயில் என்ற பிழைதான்.

ரூட் 53-இல் ஏ, நான்கு-ஏ என்று இரண்டு ஏலியாஸ் தனித்தனியே உருவாக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சரிபார்ப்பு

பிரவுசரை நம்ப வேண்டாம், அதற்கென்று ஒரு கேஷ் இருக்கிறது. டிஎன்எஸ் கேள்விகளை நேராகக் கேட்கும் டிக் கருவியில் அட் குறியோடு உங்கள் நேம்சர்வர் ஒவ்வொன்றின் பெயரையும் கொடுத்துத் தனித்தனியே கேளுங்கள். ஏ கேட்டால் சிடிஎன்னின் முகவரிகள் வர வேண்டும். பதிலில் சிநேம் வரி இருக்கக் கூடாது. இலக்கில் ஐபிவி6 இருந்தால் நான்கு-ஏவும் வர வேண்டும். எம்எக்ஸ், டிஎக்ஸ்டி, என்எஸ், எஸ்ஓஏ முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். பிறகு 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 ஆகிய பொது ரிசால்வர்களிடம் இதே கேள்விகள். நேம்சர்வர்கள் ஒன்றுக்கொன்று வேறு ஐபி சொன்னால் பதற வேண்டாம்; சிடிஎன்கள் முகவரிகளைச் சுழற்றுவது வழக்கம். முடிந்ததும் வெளியிலிருந்து உங்கள் டொமைனுக்கு ஒரு மெயில், உள்ளிருந்து வெளியே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள்.

தூரத்துச் சர்வர் வரும் கோளாறு

சிடிஎன் தன்னிடம் கேட்கும் ரிசால்வர் எங்கே இருக்கிறதோ அதற்கு அருகிலுள்ள முகவரியைத் தருகிறது. சாதாரண சிநேமில் கேட்பது வாசகரின் ரிசால்வர். ஏலியாஸில் கேட்பது உங்கள் டிஎன்எஸ் நிறுவனத்தின் சர்வர். அது பிராங்க்ஃபர்ட்டில் இருந்து கேட்டால், சென்னையில் இருப்பவருக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்து முகவரிதான் கிடைக்கும். சைட் திறக்கும், மந்தமாகத் திறக்கும். கேட்டவரின் நெட்வொர்க்கைச் சொல்லி அனுப்பும் ஈடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட் வசதியை இரு பக்கமும் ஆதரித்தால் இது குறையும். எல்லா ரிசால்வரும் அதை அனுப்புவதில்லை. ரூட் 53-இலிருந்து கிளவுட்ஃபிரன்டுக்கும், கிளவுட்ஃப்ளேரின் புராக்ஸி இயக்கத்திலும் இந்தச் சிக்கல் எழாது. இலக்கும் டிஎன்எஸ்ஸும் ஒரே கையில் இருக்கின்றன.

இதனால் எங்கள் பரிந்துரை: சைட்டின் முதன்மை முகவரி மூன்று-டபிள்யூவாக இருக்கட்டும். அதற்கு உண்மையான சிநேம், அருகிலுள்ள சர்வர் கிடைக்கும். ரூட்டின் ஏலியாஸுக்கு, வருபவரை மூன்று-டபிள்யூவுக்கு 301 ரீடைரக்ட் செய்யும் சர்வரைக் காட்டும் வேலை மட்டும் போதும். தூரத்து முகவரி கிடைத்தாலும் இழப்பு முதல் தடவை ஒரு பயணம்தான். ரூட் பெயர்தான் அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. அழகுக்கு இங்கே விலை இருக்கிறது.

டிஎன்எஸ்செக், இரண்டாம் நேம்சர்வர், இடமாற்றம்

டிஎன்எஸ்செக் வைத்திருந்தால், ஏலியாஸ் உருவாக்கும் பதிலுக்கு அந்தக் கணமே கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்டு வைக்கும் அமைப்புகளுக்கு அது கைகூடாது. இரண்டையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டு இயக்குங்கள்.

வேறு நிறுவனத்தை இரண்டாம் நேம்சர்வராக வைத்து ஸோன் டிரான்ஸ்ஃபர் (ஸோனை அப்படியே அங்கே நகலெடுப்பது) செய்பவர்களுக்கு, ஏலியாஸ் டிஎன்எஸ் தரத்திலுள்ள வகை இல்லை என்பது இங்கே உறைக்கும். மறுபக்கம் அதைப் புரிந்துகொள்ளாது. அனுப்பும்போதே ஐபியாக விரித்து அனுப்பினால் மறுபக்கம் புரிந்துகொள்ளும். ஆனால் இலக்கின் ஐபி மாறும்போது ஸோன் மாறியதைக் காட்டும் சீரியல் எண் மாறாததால் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

டிஎன்எஸ் நிறுவனம் மாறும்போது எக்ஸ்போர்ட் கோப்பில் ஏலியாஸ் வரி விடுபட்டுப் போகலாம், அல்லது அன்றைய ஐபியோடு ஏ ரெக்கார்டாக உறைந்து வரலாம். இரண்டாவது ஆபத்தானது: அன்று வேலை செய்யும், சிடிஎன் முகவரி மாறும் நாளில் நிற்கும். புதிய இடத்தில் கையால் எழுதுங்கள்.

சொந்த நேம்சர்வர் நடத்துபவர்களுக்கு

பவர்டிஎன்எஸ் என்ற நேம்சர்வர் மென்பொருள் ஏலியாஸை ஆதரிக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும். எக்ஸ்பாண்ட்-ஏலியாஸ் என்ற அமைப்பை ஆம் என்று மாற்றி, ரிசால்வர் என்ற அமைப்பில் நம்பகமான ஒரு ரிசால்வரின் ஐபியைத் தர வேண்டும். அந்த ரிசால்வர் விழுந்தால் உங்கள் ரூட்டும் விழும், ஆகவே அது அதே நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

பைண்டில் இந்த வசதி இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இலக்கைத் தேடி, ஸோனை மாற்றும் என்எஸ்அப்டேட் கருவி வழியாக ரூட்டின் ஏ, நான்கு-ஏவை மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: தேடல் தோற்றாலோ பதில் காலியாக வந்தாலோ பழைய முகவரிகளைத் தொடாதே. முகவரிகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டு, உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

தரப்படுத்தப்பட்ட வழி ஒன்று வருகிறது

ஏநேமை முறையான தரமாக்க, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்பில் ஒரு வரைவு இருந்தது. முடிவுக்கு வராமல் காலாவதியானது. அதன் இடத்தில் 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9460 வந்தது. எச்டிடிபிஎஸ் என்ற பெயரிலேயே ஒரு ரெக்கார்டு வகை, எண் 65. அதில் முன்னுரிமையை 0 என்று எழுதி இலக்குப் பெயரைக் கொடுத்தால் ரூட்டிலும் செல்லும். எஸ்ஓஏ, என்எஸ், எம்எக்ஸ் ஆகியவற்றோடு ஒரே பெயரில் இருக்கத் தடையில்லை. தேடும் வேலை வாசகர் பக்கத்துக்கே போவதால் தூரத்துச் சர்வர் பிரச்சினையும் இல்லை. ஆனால் இந்த 0 வடிவத்தை எல்லா பிரவுசரும் பின்தொடர்வதில்லை. பழைய கருவிகள் அந்த வகையைக் கேட்பதே இல்லை. எச்டிடிபிஎஸ் ரெக்கார்டைச் சேர்ப்பதானால் ஏலியாஸை எடுக்காமல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டும் ஒரே இலக்கைக் காட்டட்டும். சிடிஎன் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.